கேட்டால் சொல்லிவிடுவாள்

மாரியூர்க்காரியிடம் எதையும் கேட்டுவிடாதே என்று எங்கள் வார்டில் ஒரு பேச்சு இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஆஸ்பத்திரி என்பது பாதி பொய்யில் ஓடுகிற இடம். ஊசி வலிக்காது என்போம், வலிக்கும். நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்போம், மாட்டார்கள். கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் தெரிந்தே நடத்துகிற வியாபாரம் அது. அந்த இடத்துக்குள் பொய் சொல்ல வாய் வராத ஒரு பொம்பிளை வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். அவளை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பிரியமும் பயமும் சேர்ந்தேதான் வருகின்றன.

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் சொந்த ஊர் கடலாடிக்குப் பக்கத்தில். அவளுடைய மாரியூர் அங்கிருந்து தெற்கே, சாயல்குடி தாண்டிக் கடற்கரையில். அந்த ஒரு பாத்தியதையில் அவள் என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் சிஸ்டர் என்பாள், சில நேரம் மறந்துபோய் தாயி என்பாள்.

நெடுநெடுவென்ற உடம்பு. வெயிலில் காய்ந்த முகம். யாராவது பேசினால் கண்ணை எடுக்காமல் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் தாமதிப்பாள். பலரும் அதை மந்தபுத்தி என்று நினைத்தார்கள். சொல்லப்போவது சரிதானா என்று உள்ளுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள் என்பது எனக்குப் பழகப் பழகத்தான் தெரிந்தது.

கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு நாளில் அவள் புருஷனும், மூத்த மகன் முனியசாமியும், புருஷனுடைய தம்பியும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தார்கள். கரைக்குத் திரும்புகிற நேரத்தில் கயிறு அறுந்து, பாய் கட்டியிருந்த பருமல் கழி இறங்கிவிட்டது. அது புருஷனின் மண்டையில் அடித்தது. அந்த வீச்சிலேயே பாய் மகனை வாரித் தண்ணீரில் தள்ளியது. தம்பி அண்ணனைப் பிடித்தான். பையனைப் பிடிக்க முடியவில்லை. பதினெட்டு வயதிருக்கும் அவனுக்கு.

புருஷனை மாட்டுவண்டியில் சாயல்குடிக்கும், அங்கிருந்து உப்பு லாரியில் எங்களிடமும் கொண்டுவந்தார்கள். நினைவே இல்லை. காதில் ரத்தம் காய்ந்து போயிருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் கடகடவென்று ஒரு சத்தம். எங்கள் பெரிய டாக்டர் யுத்த காலத்தில் பட்டாளத்தில் வேலை பார்த்தவர், மண்டை உடைந்தவர்களை அங்கே நிறையப் பார்த்தவர். வந்த சிறிது நேரத்திலேயே, குரல்வளைக்குக் கீழே கழுத்தில் துளை போட்டு, வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகி நாடாவால் கட்டிவிட்டார்.

நினைவில்லாமல் கிடப்பவனுக்கு இருமத் தெரியாது. எச்சிலும் சளியும் உள்ளே இறங்கி மூச்சை அடைத்துவிடும். கழுத்தில் குழாய் இருந்தால் மூச்சு அதன் வழியே போய்வரும், அடைக்கிற சளியையும் அதன் வழியே எடுத்துவிடலாம். ஆனால் குழாய் இருக்கிற வரை குரல் வராது. காற்று குரல்வளை வரைக்கும் ஏறாமல் கழுத்தோடு வெளியே போய்விடும். கத்தினாலும் புஸ்ஸென்று காற்றுதான் வரும்.

சளி எடுப்பதற்குக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று இருந்தது. நர்ஸுகள் சிலர்தான். அந்தக் கட்டிலருகிலேயே நிற்க எங்களால் ஆகாது. மாரியூர்க்காரி பார்த்துப் பார்த்துத் தானே மிதிக்கக் கற்றுக்கொண்டாள். உள் குழாயைக் கழற்றிக் கொதிக்க வைத்துத் துடைத்துப் போடவும் நான் சொல்லிக் கொடுத்தேன். தொண்டையில் சத்தம் கேட்டால் அவள் பம்பின் மேல் கால் வைத்திருப்பாள், நான் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

வந்த அந்த வாரத்தில்தான் மகன் உடல் வாலிநோக்கம் பக்கம் ஒதுங்கியது. கொழுந்தன்தான் வந்து சொன்னான். அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான். அவள் பெரிய டாக்டரிடம் போய், நான் போனால் இவுக இருப்பாகளா என்று கேட்டாள். டாக்டர் யோசித்து, சொல்வதற்கில்லை என்றார். அவள் திரும்பி வந்து கொழுந்தனிடம், புதைச்சுட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். அவன் போன பிறகு பம்பை மிதிக்க உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சின்ன மகள் ஊரில் பாட்டியிடம் இருந்தாள். அந்தச் சிறுமிதான் அண்ணன் தலைமாட்டில் நின்றாளாம்.

அவள் உண்மை சொல்கிறவள் என்பது வார்டுக்குத் தெரியவந்தது ஓர் இளநீரால். கண் திறந்து இங்கும் அங்கும் பார்க்க ஆரம்பித்திருந்த புருஷனுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. மூக்கில் போட்ட ரப்பர் குழாய் வழியாகத்தான் பாலும் கஞ்சியும். பக்கத்துக் கட்டில்காரர்கள் கொடுத்த இளநீரில் ஒரு மடக்கு அவன் உதட்டில் விட்டுவிட்டாள். அவன் உதட்டை நக்கியதைப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். யாரும் பார்க்கவில்லை. நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால், நான் இளநி குடுத்துட்டேன் அய்யா என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் எழுந்து ஓடிவந்தார். கழுத்துக் குழாயில் இளநீர் நுரையாக வந்துகொண்டிருந்தது. முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் தலை குனியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டி முடித்தவர், சொல்லாமல் இருந்திருந்தால் நாளைக்குச் சாயங்காலம் ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய் என்றார். அன்றைக்கு வார்டில் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்.

அந்தப் புகழ்ச்சி ரொம்ப நாள் நிற்கவில்லை. எங்கள் வார்டுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் கீழக்கரையிலிருந்து வந்த ஓர் இளம் தாய் தன் குழந்தையோடு இருந்தாள். மூளைக் காய்ச்சல். நாங்கள் எல்லோரும் அவளிடம், அல்லா கிருபையில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் அவள் மாரியூர்க்காரியைப் பார்த்து, எம் புள்ள பொழைச்சிரும்ல அக்கா என்று கேட்டுவிட்டாள். நான் அப்போது அங்கேதான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். பதில் வர நேரமானது.

“பொழைக்கும்னு எனக்குத் தோணல தாயி. கட்டில்ல போட்டு வைக்காத. மடியில வச்சுக்க.”

அந்தப் பெண் போட்ட கூச்சல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அவள் வீட்டார் மாரியூர்க்காரியை அடிக்கவே வந்துவிட்டார்கள். ஹெட் நர்ஸ் அவளை வெளியே துரத்தப் பார்த்தார். ஆனால் அந்தத் தாய் குழந்தையைக் கட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மடியிலேயே அது போய்விட்டது. போகும்போது அவள் மாரியூர்க்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாரியூர்க்காரியிடம் எதையும் கேட்டுவிடாதே என்ற பேச்சு வந்தது. அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படித் தெரிந்தும் கொழுந்தன் கேட்டான். வாரம் ஒரு தடவை மாரியூரிலிருந்து பஸ் ஏறி வருவான். அண்ணன் காலடியில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பான். பார்க்கவே பாவமாக இருக்கும். ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே, மதினி, எம் மேல கோவமா என்றான். அவள் சொன்னாள்:

“கோவம் இருக்கு. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒனக்கு ரெண்டு கைதான். ஒண்ணுல கயித்தப் பிடிச்சிருந்த, ஒண்ணுல அண்ணனப் பிடிச்சிருந்த. ஆனா கோவம் இருக்கு.”

அவன் அழுதான். அன்றைக்கு அவள் தனக்கு வாங்கிவைத்திருந்த சோற்றை அவனுக்குப் போட்டாள். அடுத்த வாரமும் அவன் வந்தான்.

மாதம் போகப் போக அவள் புருஷனுக்கு நினைவு திரும்பியது. ஆளைப் பார்த்தால் கண் நிற்கும். வலது கையை மடக்குவான். இடது பக்கம் வராது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். கழுத்துக் குழாயில் வரவில்லை, விழுங்கிவிட்டான். தானாக இருமவும் செய்தான். பெரிய டாக்டர் உற்சாகமாகிவிட்டார். இனிமேல் கழுத்துக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடிக்க வேண்டும் என்றார். ஒரேயடியாகப் பிடுங்கினால் மூச்சு திணறும். முதலில் விரலால் குழாய் வாயைச் சிறிது நேரம் பொத்திப் பழக்க வேண்டும். பிறகு பகலில் மட்டும் தக்கை போட்டு மூட வேண்டும். அப்புறம் இரவும் பகலும். அப்படி இருந்தும் மூச்சு தடையில்லாமல் வந்தால் குழாயைக் கழற்றிவிடலாம், துளை தானாக மூடிக்கொள்ளும்.

“பொத்தினா என்ன ஆகும் அய்யா?” என்று கேட்டாள் அவள்.

மூச்சு மூக்கு வழியாக வரும், குரலும் வரும், உன் புருஷன் உன்னிடம் பேசுவான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் முகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லை. நாளைக்குச் செய்யலாமா என்றாள். மறுநாள், இன்னைக்குச் சளி கூட இருக்கு, நாளைக்குப் பார்க்கலாமா என்று கேட்டாள். உண்மையிலேயே கொஞ்சம் சளி இருந்தது. மூன்றாம் நாள் காரணம் எதுவும் சொல்லாமல் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, நான் பக்கத்திலேயே இருப்பேன் அக்கா, ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னேன்.

“அதுக்கில்ல சிஸ்டர். இவுக பேசுனா மொதல்ல எதக் கேப்பாகன்னு எனக்குத் தெரியும்.”

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. மகன் போனது அவனுக்குத் தெரியாது. குழாய் இருந்ததால் அவனால் கேட்கவும் முடியாது. அவன் கேட்கும்வரை அவளும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழாயின் தயவில்தான் இத்தனை நாள் கடத்தியிருக்கிறாள்.

கொழுந்தனும் ஹெட் நர்ஸும் நானும் அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். பையன் கொழும்புக்குப் போய்விட்டான், அங்கே ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம் என்றான் கொழுந்தன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், நம்புவார் என்றான். உடம்பு தேறட்டும், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றோம். அவள் எங்கள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் நான்தான் விரல் வைத்தேன். துணி சுற்றிய என் விரல் குழாய் வாயை மூடியதும் அவன் கண் விரிந்தது. மார்பு ஏறித் தவித்தது. மூக்கு வழியாக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூக்கு வழியாகக் காற்று வந்தது. எத்தனையோ நாளாக ஓடாத வண்டிச் சக்கரம் உருளுவது போல ஒரு கரகரப்பு தொண்டையில் எழுந்தது. தன் குரலைத் தானே கேட்டு அவன் மிரண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“முனியசாமி எங்க?”

அவள் வாயைத் திறந்தாள். அவன் என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லோடு நின்றுவிட்டாள். அவள் முயன்றாள், அதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு எழும்பியது. குழாய் போட்டிருந்தவனைவிட அவளுக்குத்தான் குரல் வராமல் இருந்தது. கடைசியில் அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“கடல்ல போயிட்டான். அன்னைக்கே போயிட்டான். வாலிநோக்கத்துல ஒதுங்குனான். புதைச்சாச்சு.”

நான் என் விரலை எடுத்துவிட்டேன். அவன் வாய் பிளந்திருந்தது, முகம் கோணியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. குழாய் வழியாகக் காற்று மட்டும் சீறிச் சீறி வந்தது. அந்த அழுகையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பெரிய டாக்டருக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சளி கூடி, காய்ச்சல் ஏறி, குழாய் வேலை பின்தங்கியது. நடந்தது நடந்துவிட்டது, ஒரு தடவை சொல்லியாயிற்று, இனி ஆற வேண்டியதுதான் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

காய்ச்சல் இறங்கியதும் மறுபடி விரலை வைத்தேன். அவன் அதே கரகரத்த குரலில், அதே முகத்தோடு அவளைப் பார்த்து, முனியசாமி எங்க என்றான்.

அடிபட்ட மூளை பழையதையெல்லாம் வைத்திருந்தது. புதிதாக எதையும் வாங்கி வைக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்தது மத்தியானம் நினைவிருக்காது. என் பெயரைத் தினமும் கேட்பான். அப்படித்தான் மகன் செத்ததையும் மறந்திருந்தான். டாக்டர் அவளிடம் விளக்கிச் சொன்னார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார். அவள் கேட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து, அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவன் முதல் தடவை கேட்பவன் போலவே மார்பில் அடித்துக்கொண்டான்.

தக்கை போட ஆரம்பித்த பிறகு அது தினசரி ஆயிற்று. காலையில் தக்கையை வைப்போம். கேட்பான். சொல்வாள். அழுவான். அழுது தூங்கிவிடுவான். எழுந்தால் மறுபடி கேட்பான். சாயங்காலம் தக்கையை எடுத்ததும் வார்டே பெருமூச்சு விடும். பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ராட்சசி என்று அவள் காதுபடவே சொன்னார்கள். புருஷனை அணு அணுவாகக் கொல்கிறாள் என்றார்கள். எனக்கும் அவள் மேல் கோபம் இருந்தது. ஒரு சொல் பொய் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

கொழுந்தனுக்குத் தாங்க முடியவில்லை. அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணனிடம் கொழும்புக் கதையைச் சொல்லிவிட்டான். அவள் திரும்பி வந்தபோது அவள் புருஷன் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். ஏ புள்ள, நம்ம பய கொழும்புக்குப் போயிருக்கானாம்ல, எங்கிட்டச் சொல்லவே இல்ல என்றான். பசிக்கிறது என்றும் சொன்னான். வார்டில் எல்லோரும் அவளையே பார்த்தோம்.

அவள் தட்டில் கஞ்சியை ஊற்றி, துவையலைத் தொட்டு ஊட்டினாள். அவன் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டான். திரும்பி வரும்போது அவனுக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்றான். அவள் ம் கொட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடைசிக் கவளம் வரை ஊட்டி, வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, இருமாமல் இறங்கிவிட்டதா என்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கொழுந்தன் எழுந்து வெளியே ஓடிவிட்டான்.

குழாயைக் கழற்றிய நாளில் யாருக்கும் பெரிய சந்தோஷமில்லை. வேலை என்னவோ சுத்தமாக நடந்தது. இரவு பகலாகத் தக்கை போட்டும் மூச்சு தடைபடவில்லை. டாக்டர் நாடாவை வெட்டினார், அவனை ஒரு தடவை இருமச் சொன்னார், இருமலோடு குழாய் வெளியே வந்தது. துளையின் மேல் மருந்துத் துணி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினோம். பேசும்போது அதன் மேல் விரலை வைத்து அழுத்திக்கொள்ள அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒருவன் பிழைத்து, குழாயில்லாமல் மூச்சுவிட்டது அதுதான் முதல் தடவை. வேறு ஒருவனாக இருந்தால் லட்டு வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

இனி தக்கையை எடுக்கிற சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. விழித்திருக்கிற நேரமெல்லாம் அவன் கேட்கலாம். கேட்டான்.

சில நாள் கழித்து டாக்டர் சுற்றி வரும்போது அவள் எழுந்து நின்றாள். கழுவித் துடைத்து நாங்கள் எடுத்து வைத்திருந்த அந்த வெள்ளிக் குழாய் அவள் கையில் இருந்தது. எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

“இதத் திரும்பப் போட்டுருங்க அய்யா.”

கூட வந்த சின்ன டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சு திணறுகிறதா என்று கேட்டார் பெரிய டாக்டர். இல்லை என்றாள். சளி அடைக்கிறதா என்றார். இல்லை என்றாள்.

“பேசாம இருக்கட்டும்னுதான் கேக்குறேன். எனக்குச் சொல்லி மாளல.”

புருஷன் ஊமையாகவே கிடக்கட்டும் என்று ஒரு பெண்டாட்டி கேட்கிறாள். வேறு யாராக இருந்தாலும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே மூச்சு திணறுகிறது என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பொய்யும் வரவில்லை. டாக்டர் அவள் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபடியே எல்லோரிடமும் பேசுகிற மனுஷர் அவர். இது கழுத்தில் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் சளி அடைத்து ஆளைக் கொன்றுவிடும், வீட்டில் வைத்துப் பார்க்க உன்னால் ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம், ஏன்மா, ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயேன், எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்றார்.

“வாய் வரல அய்யா. சொன்னா அவன் இருக்கான்னு ஆயிரும். நாளைக்கு வருவானான்னு கேப்பாக. நான் எங்கிட்டுப் போயிக் கூட்டியாருவேன்?”

டாக்டர் எழுந்தார். குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

துளை மூடியதும் அவர்களை ஊருக்கு அனுப்பினோம். கொழுந்தன் வண்டி கொண்டுவந்தான். அவள் என்னிடம், போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக் கூடாது என்பதற்காக இல்லை. திரும்பி வர மாட்டாள், அதனால் சொல்லவில்லை. போறேன் தாயி என்றாள். வண்டி நகரும்போதும் அவன் குனிந்து அவளிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வேறு வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு கோடையில் கடற்கரை ஊர்களில் காலரா பரவி, ஊசி போட எங்களை அனுப்பினார்கள். மாரியூருக்கு எங்கள் கூட்டம் போன அன்று காலையில் வேலை முடிந்ததும் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவன் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இருந்தான். குடிசைக்கு முன்னால் பூவரச நிழலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி வலது கையால் கண்ணி கோத்துக்கொண்டிருந்தான். இடது கை மடியில் சும்மா கிடந்தது. கழுத்தில் துளை இருந்த இடம் குழிந்து, வெளுத்த வடுவாக இருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சேலையைப் பார்த்து நர்ஸ் என்று தெரிந்துகொண்டு, ஒக்காருங்க என்றான். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. அக்கா இல்லையா என்று கேட்டேன். மீன் கொண்டுபோயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றான். கொஞ்ச நேரம் கண்ணி கோத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, யாரோ ஊருக்குப் புதியவருக்குச் சொல்வது போலச் சொன்னான்.

“எனக்கு ஒரு மகன் இருந்தான். முனியசாமின்னு பேரு. செத்துப் போயிட்டான், கடல்ல.”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் அழுதான். மார்பில் அடித்துக்கொண்டு இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்க, கை பாட்டுக்கு வலையில் வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் வெறுங்கூடையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிருந்து இப்படி என்று கண்ணால் கேட்டேன். இந்தப் பங்குனிக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்தவன் கேட்கவில்லையாம். மத்தியானமும் கேட்கவில்லையாம். சாயங்காலம் அவளே பயந்துபோய்ப் பக்கத்தில் போனபோது, அவன் செத்துட்டான்ல புள்ள என்றானாம்.

எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஊர் என்ன பேசியிருக்கும். கொழுந்தன் இப்போது வருகிறானா என்று கேட்டேன். வருகிறான், வாசலோடு நின்றுவிட்டுப் போகிறான் என்றாள்.

“இவுக கேட்டுக்கிட்டே இருந்த வரைக்கும் என்னால அழ முடியல சிஸ்டர். இவுகளத் தேத்தவே சரியாப் போச்சு. அவன் செத்தது எனக்கு மட்டுந்தான் தெரியுங்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப ரெண்டு பேரா அழுகுறோம்.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் துக்கம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் அங்கே உட்கார எனக்குத் தைரியமில்லை. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அக்கா என்றேன்.

“பஸ் வெயில் தாழ்ந்துதான் வரும்,” என்றாள். “ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன்.